சம்பந்திக்கு மேல்தளம்

கப்பலில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்று மேல்தளத்தில், இன்னொன்று கீழ்த்தளத்தில். மேல் அறைக்குச் சுவர் அகலத்துக்குச் சன்னல். கதவைத் திறந்தால் நாற்காலிகள், கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் கடல். கீழ் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக ஒரு கண்ணாடி, அதுவும் திறக்காது. மகன் பதிவு செய்தபோது மிச்சம் இருந்தவை இவைதானாம். யாருக்கு எது என்று அவன் சொல்லவில்லை. "நீங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்கப்பா" என்று போனில் சொல்லிவிட்டான். தன் அப்பாவுக்கும் மாமனாருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்ற புத்தி அவனுக்கு எப்போதும் உண்டு.

நாலு பேர் என்றால் நான், என் மனைவி, மருமகளின் அப்பா, அம்மா. நாங்கள் இருப்பது மதுரை ஆனையூரில். சம்பந்திக்குத் திருப்பரங்குன்றத்தில் பாத்திரக் கடை. இரு வீட்டாரும் ஒரே கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அதைத் தவிர இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை என்று கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் சொன்னதுண்டு. வேடிக்கையாகச் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெர்த் நகரத்தில் பேரன் பிறந்திருந்தான். பார்க்கப் போனோம், நாலு பேரும் ஒரே விமானத்தில். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகளும் தொடர்ந்து இருந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் யோசித்தார்களோ என்னவோ, ஒரு வாரத்துக்கு எங்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை. ரோடு போகாத கரை அது. செம்பாறை, முதலை, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் அலைநீர், அவ்வளவுதான். பெரிய கப்பல்கள் அந்தப் பாறை இடுக்குகளுக்குள் நுழைய முடியாது என்பதால் சின்னக் கப்பல். ஒரு கல்யாண வேனில் ஏறுகிற கூட்டம்தான் பயணிகள். லிஃப்ட் கிடையாது.

அறை ஒதுக்குவது எனக்குப் புதிதல்ல. என் உத்தியோகத்தின் கடைசிப் பகுதி முழுவதும் அதில்தான் கழிந்தது. கலெக்டர் அலுவலகத்தில் புரோட்டோகால் தாசில்தார் என்று ஒரு பதவி உண்டு. பெரிய மனிதர்கள் ஊருக்கு வந்தால் யார் எந்தக் காரில் ஏறுவது, யாருக்கு எந்த நாற்காலி, அரசு விருந்தினர் மாளிகையில் யாருக்கு எந்த அறை என்பதையெல்லாம் பார்ப்பவர். ஒரே நாளில் இரண்டு பெரியவர்கள் வந்து ஒரே அறையைக் கேட்பார்கள். இல்லை என்று யாரிடமும் சொல்லக் கூடாது. "ஐயா, அந்த ரூம்ல ஏசி ரிப்பேர்" என்று சொல்ல வேண்டும். அவர் மரியாதை கெடாது, நம் வேலையும் போகாது. அந்த மாளிகையில் பழுதே ஆகாத ஒரு ஏசியை நான் எத்தனையோ முறை பழுதாக்கியிருக்கிறேன்.

ஆகவே கப்பலில் காலை வைத்ததும், வரவேற்க நின்ற பெண் இரண்டு சாவிகளையும் நீட்டியபோது, என் கை தானாகவே முன்னால் போகவில்லை. முறை தெரிந்தவன் அப்படிச் செய்யமாட்டான். சும்மா நின்றேன். நான் எதிர்பார்த்தது நடந்தது. சம்பந்தி மேல் அறைச் சாவியை வாங்கி என் கையில் வைத்தார்.

"சம்பந்தி, நீங்க மேல இருங்க. எங்களுக்கு எதுக்கு அம்புட்டு உசரம்?"

"அதெல்லாம் வேணாம். நீங்க இருங்க" என்றேன்.

"எங்கிட்டு இருந்து பாத்தாலும் கடலு கடலுதானே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களக் கீழ விட்டுட்டு நாங்க மேல ஏறி உக்காந்தோம்னா, எம் மக நாளைக்கு எங்கள வீட்டுக்குள்ள விடுவாளா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் மறுக்க வேண்டும். மறுபடி கொடுப்பார்கள், மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் முறை சலித்துக்கொள்வதுபோல் வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் முறை மறுத்தால் அவர் ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று ஒரு பயம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாவியில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா கீழே போகும் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். செங்குத்தாக, ஏணிக்குக் கொஞ்சம் சதை வைத்ததுபோல் இருந்தது அது. "எறங்கிட்டா எறங்கினதுதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பரங்குன்றத்தில் வெகுகாலம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். சின்னப் பிள்ளைகளுக்கு யோனாவின் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கடவுள் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடிய யோனாவைக் கடலில் தூக்கிப்போட, பெரிய மீன் ஒன்று விழுங்கிய கதை. கரும்பலகையில் அந்த மீனை வரைந்து வரைந்து கை பழகிவிட்டதாம். ஆனால் நேரில் பார்த்ததில்லை. இந்தக் கரையில் இந்தப் பருவத்தில் திமிங்கலங்கள் குட்டி போட வரும் என்று மகள் சொன்னதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பெர்த்தில் பேரனைக் குளிப்பாட்டும்போதுகூட அதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது மீன் இல்ல, பாலூட்டி" என்று நான் ஒருமுறை திருத்தினேன்.

"இருக்கட்டும் அண்ணே. வேதத்துல மீனுன்னுதான் இருக்கு. பாத்துட்டு நானே அதுகிட்ட கேட்டுக்கிறேன்" என்றார்.

புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி. நீண்ட ஊதல் ஒலித்ததும் எல்லோரும் மேல்தளத்தில் கூட வேண்டும். மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது, எந்தப் பக்கம் நிற்பது என்று அந்தப் பெண் சொல்லித்தந்தாள். எனக்கு இதெல்லாம் வெல்லம். என் சட்டையை மாட்டிய கையோடு பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியின் பட்டையையும் சரிசெய்து கொடுத்தேன். எண்ணிக்கை எடுத்தபோது இருவர் குறைந்தார்கள். சற்று நேரம் எல்லோரும் காத்திருந்தோம். அப்புறம் படிக்கட்டு வழியாகச் சம்பந்தியும், அவருக்கு முன்னால் சம்பந்தியம்மாவும் மேலே வந்தார்கள். சம்பந்தியம்மாவின் முகமெல்லாம் வேர்வை.

"இவ்வளவு நேரமா? நெசமாவே கப்பல் முழுகினா என்ன பண்ணுவீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்; ஆனால் சிரித்த சிரிப்பு எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

"யோனாவத் தூக்கிப் போட்டாப்ல என்னையும் போட்டுருங்க அண்ணே. கப்பலாச்சும் தப்பிக்கும்ல" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "மதினி, இங்கிட்டு உக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப்போனாள்.

கப்பல் நகர்ந்தது. கப்பலேறிய ஊரின் கடைசித் தகரக் கூரையும் மறைந்தபின் சிவப்பு நிலம் மட்டும் வலப்பக்கம் ஓடிவந்தது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய். அதற்கு ஒரு மறுகரை இருக்கும், கரையில் மாடு நிற்கும். இங்கே ஒரு பக்கம் மட்டுமே கரை. மாடும் இல்லை, மனிதனும் இல்லை. இவ்வளவு இடத்தைப் பட்டா போடாமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சம்பந்தியம்மா துணிகளை எடுத்துவைப்பதாகச் சொல்லிக் கீழே போய்விட்டார். இறங்கும்போது பின்பக்கமாக, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினார். சேலை தடுக்கும் என்று அப்படி இறங்குகிறார் போலும் என்று நினைத்தேன். நான் என் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, டீ வாங்கிவந்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் பெரிய அறைகளை மற்றவர்களுக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தவன், முதன்முறையாக எனக்கென்று ஒன்றை ஒதுக்கிக்கொண்டேன் என்ற திருப்தி இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

டீ பாதி இருக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. திமிங்கலம், இடப்பக்கம், கிட்டத்தில்.

எல்லாக் கதவுகளும் திறந்தன. கேமராவும் தொலைநோக்கியுமாக எல்லோரும் ஓடினார்கள். நான் ஓட வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்றாலே போதும். முதலில் தண்ணீரிலிருந்து ஒரு மூச்சு, இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தாற்போல் வெள்ளையாக எழுந்தது. அப்புறம் முதுகு. கறுப்பாக, ஈரமாக, முடிவில்லாமல் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, குட்டி. கடைசியில் வால் மட்டும் தூக்கி நின்று, அவசரமில்லாமல் உள்ளே போயிற்று. எதையும் ஏளனமாகப் பார்த்துப் பழகிய நான் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி எங்க?" என்றாள் என் மனைவி.

படிக்கட்டுக்குப் போனேன். பாதி வழியில் இருந்தார். நின்றுகொண்டு இல்லை. இரண்டு கைகளையும் மேல் படியில் ஊன்றி, தவழும் குழந்தைபோல் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு படிக்குக் கை, அப்புறம் ஒரு முழங்கால், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முழங்கால். கீழே சம்பந்தி இரண்டு கையையும் அவர் இடுப்புக்குப் பின்னால் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராக வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சம்பந்தியம்மா அவசரமாகத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். அந்த நிலையிலும்.

"அண்ணே, நிக்குதா இன்னும்?"

"நிக்குது, வாங்க" என்றேன். அது போய்விட்டது எனக்குத் தெரியும்.

அவர் மேலே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கடல் வெறுமையாக இருந்தது. வட்டமாக ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்று கிடந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். பயிற்சியில் நான் பட்டை சரிசெய்து கொடுத்த பெண்மணி இரக்கப்பட்டு, தன் கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினாள். சம்பந்தியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதே குரலில் அவர், பிடிக்காத பாத்திரத்தைக் காட்டும் வியாபாரியிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு கீழே போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியை நான் தனியாகக் கம்பியோரம் கூட்டிப்போனேன்.

"அம்மாவுக்கு என்ன செய்யுது?"

"மூட்டு ரெண்டும் தேஞ்சுபோச்சு சம்பந்தி. ஊருக்குப் போனதும் ஆபரேசன். அதுக்குள்ள பேரனப் பாத்துரணும், மீனப் பாத்துரணும்னு ஒத்தக் கால்ல நின்னா. ஒத்தக் கால்லயும் நிக்க முடியாது, அது வேற விசயம்" என்று சிரித்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எங்கிட்டுச் சொல்ல? மருத ஏர்போர்ட்டுல வீல்சேரு வந்து நின்னுச்சு. மக சொல்லிவச்சிருந்தா. நீங்க அந்தக் குளத்தங்கரை சமாச்சாரத்தச் சொன்னீங்களா, இவ வேணாம்னுட்டா."

எனக்கு நினைவு வந்தது. மதுரை விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது, எங்களுக்கு முன்னால் ஒரே சக்கர நாற்காலிக் கூட்டம். வரிசையில் நிற்காமல் போவதற்காகவே பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நான் சத்தமாகச் சொன்னேன்: "பெதஸ்தா குளத்தங்கரை மாதிரில்ல இருக்கு! ஏறுறப்ப எல்லாரும் முடம். சிங்கப்பூர்ல இறங்குனதும் பாருங்க, படுக்கைய எடுத்துக்கிட்டு ஓடுவாங்க." நோயாளிகள் கூடிக் கிடந்த அந்தக் குளத்தங்கரையில், நடக்க முடியாத ஒருவன் இயேசு சொன்னதும் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்த கதை வேதத்தில் உண்டு; அது தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியக்கூடிய நகைச்சுவை. சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சம்பந்தியம்மாவும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் விமான நிலைய ஊழியர் ஒருவரிடம் ஏதோ சொன்னதையும், அந்த ஊழியர் காலி நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு திரும்பியதையும் நான் பார்த்தேன். யாருக்கோ வந்தது என்று நினைத்தேன்.

"செமத்தியாச் சொன்னீங்க சம்பந்தி. ஊருக்குப் போயி கடையில எல்லாத்துக்கிட்டயும் சொல்லணும்னு வச்சிருக்கேன்" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அந்த நகைச்சுவை அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு மனிதன் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லத் தெரியும். முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். இவர் பாராட்டுகிறார். காது சுட்டது. கையில் சாவி இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க மேல வந்துருங்க. நாங்க கீழ போறோம். கதவத் தெறந்தாக் கடலு. சாப்பாட்டுக் கூடமும் இதே தளம். கரையச் சுத்திப் பாக்கப் போற படகுல ஏறுற எடமும் இதேதான். அம்மா படியே ஏற வேணாம்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தீயைத் தொடச் சொன்னதுபோல்.

"என்ன சம்பந்தி இப்படிச் சொல்றீங்க? எங்களுக்காக நீங்க அந்தப் பொந்துல போயிப் படுக்கிறதா? நான் ஏன்தான் வாயத் தொறந்தேனோ. இத அவகிட்ட சொன்னா என்னயக் கடல்ல தள்ளிருவா."

"பரவாயில்ல, வாங்கிக்கங்க."

"மாட்டேன் சம்பந்தி. நீங்க சொன்னதே போதும். பெரிய மனசு."

நான் மறுபடி நீட்டினேன். அவர் மறுபடி மறுத்தார். மூன்றாம் முறையும் நீட்டினேன். எங்கள் வழக்கப்படி இப்போது அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வழக்கம் மேலிருந்து கீழே ஓடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெரிய மனசு என்று அவர் சொன்ன வார்த்தை வேறு காதுக்குள் நின்றது.

சரி, முறைப்படியே பார்ப்போம் என்று வரவேற்புப் பெண்ணிடம் போனேன். எங்கள் மேல் அறையில் ஏசி பழுது என்று என் உறவினரிடம் சொல்லி, எங்களைக் கீழேயும் அவர்களை மேலேயும் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

அவள் பதறிவிட்டாள். "பழுதா? உடனே ஆளை அனுப்புகிறேன்."

"பழுது இல்லை. பழுது என்று சொல்ல வேண்டும்."

"பழுது இல்லாதபோது ஏன் சொல்ல வேண்டும்?"

"ஒரு மரியாதைக்கு."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். கப்பலில் முதல் நாளே ஒரு கிழவர் குழம்பிப்போயிருக்கிறார் என்று நினைத்திருக்கலாம். "பழுதாகியிருந்தால்கூட பழுதான அறைக்கு அவர்களை எப்படி மாற்றுவது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விருந்தினர் மாளிகையில் என் பொய் ஆட்களை நல்ல அறையிலிருந்து வெளியேற்றத்தான் பயன்பட்டது. நல்ல அறைக்குள் ஒருவரை அனுப்ப ஒரு பொய்யும் என் கைவசம் இல்லை. "நீங்கள் இருவரும் சம்மதித்தால் சாவியை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கும்படி அறிவுரை கூறினாள்.

அறைக்குத் திரும்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளத்தங்கரை உட்பட. அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சன்னல் அவளுக்கும் பிடித்துப் போயிருந்தது.

"எனக்கு ஏர்போர்ட்டுலயே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொன்னா அதுக்கும் ஒரு ஜோக்கு வச்சிருப்பீங்க."

 பிறகு அவளே எழுந்து பெட்டியை மூடத் தொடங்கினாள்.

"இப்படிக் கெஞ்சிக் கேட்டா அவங்க தரமாட்டாங்க. நீங்க எப்பவும் கேக்குற மாதிரி கேளுங்க."

எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். மகன் கல்யாணத்தன்று பெண் வீட்டார் அனுப்பிய வண்டியில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்று, வேறு வண்டி வரும்வரை நான் வீட்டு வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு ஏசி உண்மையிலேயே பழுது, என் தரப்பில் நியாயம் இருந்தது. அதனால்தான் அதை நினைத்து அதுவரை வெட்கப்படவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா முழங்காலை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேச வேண்டிய பேச்சு அது.

"சம்பந்தி, அந்த மேல் ரூம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது."

"என்னாச்சு?" என்று எழுந்தார் அவர்.

"வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. வாசல்ல ஆளுக போறதும் வாரதுமா இருக்காங்க. சந்தைக்கடை மாதிரி இருக்கு. கௌரவமான ஆளு படுக்கிற எடமா அது? அமைதியான ரூமப் பாத்து நீங்க எடுத்துக்கிட்டீங்க. அத எங்கள்ட்டத் தள்ளிவிட்டுட்டீங்க."

சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒத்திகையே தேவைப்படவில்லை. ஒரு வார்த்தைகூடத் தட்டவில்லை. குரல் தானாக உயர்ந்து, தாடை தானாக முன்னால் வந்தது. கெஞ்சும்போது தமிழ் எனக்குத் தடுமாறியது. இதில் அருவியாக வந்தது.

சம்பந்தியின் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, அப்படியில்ல சம்பந்தி. நல்ல ரூமுன்னு நெனச்சுத்தான் குடுத்தோம். எங்களுக்குத் தெரியாமப் போச்சு. இந்தா, இப்பவே மாத்திப்புடுவோம்."

சம்பந்தியம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். சொல்லவில்லை.

"தப்பு எங்க மேலதான் அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. நான் அப்பவே இவுககிட்டச் சொன்னேன், எதுக்கும் ஒரு எட்டுப் பாத்துட்டுக் குடுங்கன்னு" என்றார். கணவரைப் பார்த்து, "வெரசாப் போயிச் சாமானத் தூக்கிட்டு வாங்க" என்றார். கல்யாணத்தன்றும் இதே போல்தான். அவர் மன்னிப்புக் கேட்டார், இவர் ஓடினார். எனக்காக ஓடுவதில் இந்த மனிதருக்குப் பழக்கமே வந்துவிட்டது என்று தோன்றியது. பழக்கியவன் நான்.

பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன் என்றால் விடவில்லை. அவர்களுடைய பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, எங்களுடையதையும் அவரே கீழே இறக்கினார். கப்பல் ஊழியர் ஒருவர் உதவ வந்தபோது, "நோ நோ, மை சம்பந்தி" என்று விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டார். படுக்கை விரிப்பில் அவர்கள் உட்கார்ந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, "இங்க உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

கீழ் அறை அவ்வளவு மோசமில்லை. வட்டக் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் பச்சையாக ஏறியது, இறங்கியது. என் மனைவி அதன் முன்னால் குனிந்து பார்த்தாள்.

"ஒரு வாரமும் இந்தத் தட்டு வழியாத்தான் பாக்கணும்."

"மேல போயி உக்காந்துக்கலாமே."

"நான் போவேன். நீங்கதான் சந்தைக்கடைன்னு சொல்லிட்டீங்க."

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி ஒலிபெருக்கி கேட்டது. தலைக்கு மேல் காலடிகள் தடதடத்தன. என் மனைவி செருப்பை மாட்டாமலே ஓடினாள். நான் கட்டிலில் இருந்தேன். வட்டக் கண்ணாடி கரையைப் பார்த்து இருந்தது. சாயும் வெயிலில் பாறைகள் செங்கல் சூளையின் வாய்போல் எரிந்தன. திமிங்கலம் மறுபக்கம் என்பது காலடிகள் போன திசையில் தெரிந்தது.

தடதடப்பு அடங்கியபின் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது. மேல் அறை வாசலில், நான் டீ குடித்த நாற்காலி கிடந்த இடத்திலிருந்துதான் வந்தது. "ஆத்தாடி! ஆத்தாடி! ஏங்க, இங்கிட்டுப் பாருங்க, குட்டியத் தூக்கிட்டு வருதுங்க!" பிறகு சத்தமில்லை. பிறகு படிக்கட்டின் மேல்முனையிலிருந்து அதே குரல்: "அண்ணே! வெயிலு போயிருச்சு அண்ணே, இப்ப வாங்க! வெரசா வாங்க!" அந்த முழங்காலோடு அவர் படிக்கட்டு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார், என்னைக் கூப்பிட. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு.

நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். பதில் சொன்னால் நின்று கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் திரும்பிப் போய் மிச்சத்தைப் பார்ப்பார். காலடி மெதுவாகத் திரும்பிப் போனது.

இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் நாலு பேருக்கும் ஒரே மேசை. சம்பந்தியம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். கதவிலிருந்து பத்தடிதான். முகம் கழுவி, பவுடர் பூசி, மாற்றுச் சேலை கட்டியிருந்தார். கண்ணில் அந்த மீன் இன்னும் இருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் அதை ஒளித்துக்கொண்டார். நான் பார்க்காத ஒன்றைத் தான் பார்த்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அவர் பார்வை.

"ரூம் எப்படி இருக்கு அண்ணே?"

"பரவாயில்ல" என்றேன். அந்தப் பாத்திரத்தில் நடிப்பதை என்னால் உடனே நிறுத்த முடியவில்லை.

"வயித்தப் பெரட்டுச்சுன்னா இத வாயில போட்டுக்கங்க." பையிலிருந்து இஞ்சி மரப்பாப் பொட்டலத்தை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மதுரையிலிருந்து தனக்காக வாங்கிவந்தது. முழுப் பொட்டலமும்.

சாப்பிடும் முன் ஜெபம் செய்வது சம்பந்தியின் வழக்கம். தலையைக் குனிந்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள்.

"பெரிய மச்சங்கள உண்டாக்குன ஆண்டவரே, இன்னைக்கு அத இவளுக்குக் காட்டுனீரு, ஸ்தோத்திரம். பிள்ளைக, பேரன், எல்லாரையும் காத்துக்கொள்ளும். சம்பந்தி வீட்டாருக்கு இன்னைக்கு எங்கள அறியாம ஒரு கொறை வச்சுட்டோம். அத மன்னியும். அவுக மனசுல அது தங்காதபடி செய்யும்."

கண்ணைத் திறந்தேன். எதிரில் சம்பந்தியம்மா கண்ணை இறுக மூடி, உதடுகளை அசைத்து, கணவரோடு சேர்ந்து அதையே வேண்டிக்கொண்டிருந்தார். என் மனைவியின் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாளா, சொல்லிவிடாதே என்று பார்த்தாளா, தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்கள் இப்போதே எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்குவார்கள்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். சூப் வந்தது. நான் முதலில் மரப்பாவைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன், அவர் பார்க்கும்படியாக.